இரண்டு பட்டியலிலும் இல்லாத வீடு

டிசம்பர் 1, திங்கள்

பதினொரு மாதமாக இந்த டைரியைத் திறக்கவே இல்லை. இன்றைக்கு எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், மனதில் இருப்பதை இந்த ஊரில் யாரிடம் சொன்னாலும் சாயங்காலத்துக்குள் இரண்டு கட்சிக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

கட்சி என்றால் அரசியல் கட்சி இல்லை, சபைக் கட்சி. ஜனவரியில் திருமண்டலத் தேர்தல், அதாவது பிஷப்பின் கமிட்டிக்கு சபைகள் ஆள் தேர்ந்தெடுக்கும் தேர்தல், வருகிறது. எங்கள் சாலேம்விளை சபை அதற்காக இரண்டாகப் பிளந்து நிற்கிறது. ஒரு பக்கம் ஹார்டுவேர் கடை ஆசீர்வாதம் அண்ணாச்சி, இன்னொரு பக்கம் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் தர்மராஜ் சார். போன கிறிஸ்மஸ் பண்டிகைக்கு ஒரே வரிசையில் இலை போட்டுச் சாப்பிட்டவர்கள். இப்போது ஒருவர் கோயிலுக்குள் வந்தால் மற்றவர் செருப்பைத் தேடுகிறார்.

நடுவில் மாட்டிக்கொண்டது நாங்கள். என் வீட்டுக்காரர், இவர்தான் சபையின் குருவானவர். எங்கள் பக்கம் குருவானவரை ஐயர் என்பார்கள், அவர் பெண்டாட்டி ஐயரம்மா. ஒருமுறை ரயிலில் ஒரு மாமி, "ஐயரம்மான்னு கூப்பிடறா, நீங்க கருவாடு வாங்கிண்டு போறேளே!" என்று கேட்டுவிட்டு முழித்தாள். அவளுக்கு விளக்குவதற்குள் தாம்பரம் வந்துவிட்டது.

இவருக்கு ரிட்டயர் ஆக இன்னும் ஒன்றரை வருஷம். சர்க்கரையும் உண்டு, பிரஷரும் உண்டு. ஏதாவது ஒரு கட்சி பிஷப்புக்கு ஒரு மனு எழுதிப் போட்டால் போதும், எங்காவது மூலைக்குத் தூக்கி அடித்துவிடுவார்கள். ஆகவே இந்த டிசம்பரை யாருக்கும் வலிக்காமல் கடத்திவிட வேண்டும். ஆண்டவர் பிறப்பை அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

டிசம்பர் 3, புதன்

காலையில் அண்ணாச்சி ஆள் அனுப்பி ஐயர் வீட்டுக்கு ஒரு ஸ்டார் கட்டினார். ஆள் உயரம், உள்ளே பல்பு ஓடுகிறது. மத்தியானம் தர்மராஜ் சார் வந்து நிமிர்ந்து பார்த்தார். நாலு மணிக்கு இன்னொரு ஸ்டார் வந்தது, அதைவிட ஒரு சாண் பெரியது.

இப்போது வாசலுக்கு வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று. ஒன்றை அணைத்தால் மற்றதையும் அணைக்க வேண்டும். எதை முதலில் அணைத்தோம் என்று பார்த்துச் சொல்வதற்கு எதிர்வீட்டில் ஆள் இருக்கிறது. நான் மெயினையே அணைத்துவிட்டுப் படுத்தேன். ஃபேன் இல்லாமல் கொசுக்கடியில் இவர் பொருமினார்.

டிசம்பர் 5, வெள்ளி

பெண்கள் சங்கத்தில் பண்டிகைப் பலகாரப் பேச்சு. அச்சுமுறுக்கு யார் வீட்டில் சுடுவது என்பதற்கு ஒன்றரை மணி நேரம். கடைசியில் எந்தக் கட்சி வீடும் வேண்டாம் என்று என் அடுப்படியில் வந்து விடிந்தது. எனக்கென்ன, எண்ணெய்ச் சட்டி ஏற்கெனவே சூட்டில்தான் இருக்கிறது.

கீழத்தெரு ஜெபக்கனி வரவில்லை. ஆகஸ்ட் கூட்டத்துக்குப் பிறகு அவள் வருவதே இல்லை. அது வேறு கதை.

டிசம்பர் 7, ஞாயிறு

எதிர்பார்த்தது நடந்துவிட்டது. கேரலும் இரண்டாகிவிட்டது.

நூறு வருஷமாக ஒரு ட்ரம், ஒரு கிறிஸ்மஸ் தாத்தா, ஒரே பாட்டுக்கூட்டம். பண்டிகைக்குப் பத்து பதினைந்து நாள் இருக்கும்போது ராத்திரி ராத்திரியாகக் கிளம்பி, சபையில் உள்ள எல்லா வீட்டுக்கும் போய், ஒரு பாட்டுப் பாடி, ஒரு ஜெபம் பண்ணி வருவார்கள். இந்த வருஷம் அண்ணாச்சி கேரல் தனி, சார் கேரல் தனி. அவரவர் ஆதரவாளர் வீட்டுக்கு மட்டும் போவார்களாம். மற்ற கட்சி வீட்டு வாசலில் நின்று பாட இவர்களுக்கு வாய் வராதாம்.

ஆராதனை முடிந்ததும் அண்ணாச்சி என்னிடம் வந்தார். "ஐயரம்மா, நீங்கதான் கையெழுத்து முத்து முத்தா எழுதுவீங்க. வீட்டு லிஸ்ட்ட தெருவாரியா நல்லாப்ல ஒரு காப்பி எழுதித் தாங்க."

அவர் தலை மறைந்ததும் சார் வந்தார். "ஐயரம்மா, அவருக்கு எழுதிக் கொடுக்கீங்கன்னு கேள்விப்பட்டேன். எங்களுக்கும் ஒண்ணு."

கேள்விப்பட்டாராம்! தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டு.

டிசம்பர் 8, திங்கள்

இரண்டு பட்டியலும் எழுதி முடித்தேன். அண்ணாச்சிக்கு 117 வீடு, சாருக்கு 96. கூட்டினால் 213 வருகிறது. சபைப் பதிவில் 214 குடும்பம். திரும்பவும் கூட்டினேன், 213 தான்.

எனக்குக் கணக்கு எப்போதும் சரியாக வராது. வெங்காயம் உரித்துவிட்டு, இரண்டையும் கவரில் போட்டு, கோயில்பிள்ளை மாசிலாமணியிடம் கொடுத்தனுப்பினேன். மாசிலாமணி மணி அடிப்பவர், கோயிலைப் பெருக்குபவர், இரண்டு கட்சிக்கும் தூது போகிறவர். பாவம், அறுபது வயதில் அவருக்குத்தான் நடை.

டிசம்பர் 9, செவ்வாய்

ஒன்றும் விசேஷம் இல்லை. தேங்காய் துருவும்போது விரலைக் கீறிக்கொண்டேன்.

டிசம்பர் 10, புதன்

கேரல் தொடங்கியது. எங்கள் வீட்டுக்குத்தான் முதலில் வர வேண்டும் என்று இரண்டு பேருக்கும் பிடிவாதம். ஏழு மணிக்கு அண்ணாச்சி ஆட்கள், ஏழரைக்கு சார் ஆட்கள் என்று இவர் பேசி முடித்திருந்தார். முதல் கூட்டம் கிளம்பத் தாமதமாகி, இரண்டு கிறிஸ்மஸ் தாத்தாவும் கேட்டில் முட்டிக்கொண்டார்கள். இரண்டு பேரும் சொந்தச் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள். ஒருவன் தாடியை இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான், மற்றவன் அந்தப் பக்கம். எனக்குச் சிரிப்பு வந்தது.

இரண்டு கூட்டமும் பாடியது ஒரே கீர்த்தனை. இரண்டாவது தடவை ஜெபத்துக்கு இவர் கண்ணை மூடியபோது, கண்ணுக்குக் கீழே எவ்வளவு கறுத்துவிட்டது என்று பார்த்தேன்.

டிசம்பர் 13, சனி

மாவு சலித்துக்கொண்டிருந்தபோது மாசிலாமணி வந்தார்.

"ஐயரம்மா, கீழத்தெரு கடைசி வீட்ல, நம்ம தவமணி வீட்ல, தெனமும் விடிய விடிய லைட்டு எரியுது பாத்துக்கிடுங்க. வாசக்கதவ தொறந்து போட்டிருக்காங்க."

"புழுக்கமா இருக்கும்" என்றேன்.

"டிசம்பர்லயா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

தவமணி இருபத்திரண்டு வருஷம் கேரலுக்கு ட்ரம் அடித்தவர். ஜூன் மாதம் பைக்கில் வரும்போது மாடு குறுக்கே வந்ததில் விழுந்து, முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை, அதிலிருந்து கட்டில்தான். ஜெபக்கனி அவர் பெண்டாட்டி. பிள்ளைகள் இல்லை. இரண்டு கட்சியும் ஆள் பிடிக்கப் போனபோது, "ரெண்டு பேரும் எனக்கு வேண்டியவங்க. ஓட்டப் பெட்டியில போடுவேன், வாயில சொல்ல மாட்டேன்" என்றாராம். அதனால் அண்ணாச்சி ஆட்கள் அவரை சார் ஆள் என்று நினைத்தார்கள், சார் ஆட்கள் அண்ணாச்சி ஆள் என்று நினைத்தார்கள்.

சரி, இதையெல்லாம் எதற்கு எழுதுகிறேன்? மாவில் வண்டு இருந்தது. திரும்பச் சலிக்க வேண்டும்.

டிசம்பர் 14, ஞாயிறு

இவர் சமாதானத்தைப் பற்றிப் பிரசங்கம் பண்ணினார். இடது வரிசை, "கேட்டுக்கோ" என்று வலது வரிசையைப் பார்த்தது. வலது வரிசை இடது வரிசையைப் பார்த்தது.

டிசம்பர் 16, செவ்வாய்

பண்டிகைச் சேலை இரண்டு வந்திருக்கிறது. அண்ணாச்சி வீட்டிலிருந்து மாம்பழ மஞ்சள், சார் வீட்டிலிருந்து கிளிப்பச்சை. எதைக் கட்டினாலும் வினைதான். போன வருஷச் சேலையை எடுத்து இஸ்திரிக்குப் போட்டேன்.

இவருக்கு சர்க்கரை முந்நூற்றுப் பத்து. மாத்திரையைக் கூட்டச் சொல்லியிருக்கிறார் டாக்டர். டென்ஷன் இல்லாமல் இருக்க வேண்டுமாம். சிரித்துக்கொண்டே வந்தோம் இரண்டு பேரும்.

டிசம்பர் 18, வியாழன்

உண்மையை எழுதிவிடுகிறேன். டைரியிடம்கூடப் பொய் சொன்னால் பிறகு எனக்கு யார்தான் இருக்கிறார்கள்.

அந்த 214-ஆவது வீடு தவமணி வீடு. எட்டாம் தேதி பட்டியலை எழுதும்போதே எனக்குத் தெரியும். கீழத்தெருவை எழுதி வரும்போது கடைசி வீடு இதிலும் இல்லை, அதிலும் இல்லை. பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுதி முடித்து கவரை ஒட்டினேன்.

ஏன் சொல்லவில்லை? சொன்னால் எந்தக் கட்சியில் சேர்ப்பது என்று சண்டை வரும். அண்ணாச்சி பட்டியலில் நானாகச் சேர்த்தால் ஐயரம்மா அண்ணாச்சிக்கு ஆள் பிடிக்கிறாள் என்பார்கள். சார் பட்டியலில் சேர்த்தால் அதுவே மறுபக்கம். ஒரு வீட்டுக்காக மனு வரை போக வேண்டுமா? யாருக்காவது ஞாபகம் வரும், போய்விடுவார்கள் என்று இருந்துவிட்டேன். இவ்வளவுதான் காரணம்.

இன்னும் இரண்டு நாள் கேரல் இருக்கிறது. யாராவது போவார்கள்.

டிசம்பர் 20, சனி

அச்சுமுறுக்கு நாள். அடுப்படியில் ஏழு பெண்கள், மூன்று சட்டி. கட்சி பாராமல் எல்லாரும் வேர்த்துக்கொண்டிருந்தோம். பின்வாசலில் ஜெபக்கனி வந்து நின்றாள். எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். எண்ணெய் மட்டும் இரைந்தது.

கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனேன். ஆள் பாதியாக இருந்தாள்.

"ஐயரம்மா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கிட மாட்டீங்களே?"

"கேளு."

"எங்க வீட்டுக்கு இன்னும் கேரல் வரல. இன்னைக்கோட முடியுதுன்னு சொல்லுதாங்க. அவுக தெனமும் கேக்காங்க. கட்டில வாசலப் பாத்துத் திருப்பிப் போடச் சொன்னாங்க, போட்டிருக்கேன். நாங்க ஏதும் தப்பு பண்ணிட்டமா ஐயரம்மா?"

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. உள்ளே ஏழு ஜோடிக் காது. "தப்பும் இல்ல ஒண்ணும் இல்ல. இன்னைக்கு ராத்திரி வருவாங்க, போ" என்று சொல்லிவிட்டேன்.

அவள் முகம் எப்படி மலர்ந்தது என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. "அப்ப அவுகளுக்கு ஷேவ் பண்ணி விடணும்" என்று சொல்லி ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

யார் வருவார்கள்? எந்தப் பட்டியலில் இருக்கிறது அந்த வீடு? என் கையால் எழுதிய பட்டியல் எனக்குத் தெரியாதா? மாசிலாமணியைக் கூப்பிட்டு அண்ணாச்சிக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பலாம் என்று இரண்டு தடவை வாசலுக்கு வந்தேன். இரண்டு தடவையும் யாராவது இருந்தார்கள். முறுக்கு நானூற்று இருபது.

டிசம்பர் 21, ஞாயிறு

காலை ஆராதனைக்கு முன்னாலேயே மாசிலாமணி சொல்லிவிட்டார்.

"தவமணிக்கு ஷேவ் பண்ணி, பண்டிகைக்கு வச்சிருந்த புதுச்சட்டைய நேத்தே போட்டு விட்டிருக்கா அந்தப் பிள்ள. கேரல் வருதுன்னு யாரோ சொல்லியிருக்காங்க. காலையில பால் வாங்கப் போகும்போது பாக்கேன், சட்டையோட அப்படியே கெடக்காரு, கண்ணத் தொறந்துக்கிட்டு. எந்தப் பாவி சொன்னானோ."

எந்தப் பாவி!

நற்கருணைக்கு நான் முழங்கால் போடவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

பதினெட்டாம் தேதி எழுதியதைப் படித்துப் பார்த்தேன். அதுவும் பொய்தான். சண்டைக்குப் பயந்தேன், மனுவுக்குப் பயந்தேன் என்பதெல்லாம் மேல்பூச்சு. ஆகஸ்ட் மாதம் பெண்கள் சங்கத்தில் ஜெபக்கனி எழுந்து நின்று சொன்னாள்: "எலெக்‌ஷன் மீட்டிங்குக்கு ஐயருக்கு நேரம் இருக்கு. சாகக் கெடந்தவருக்கு வந்து ஒரு ஜெபம் பண்ண நேரம் இல்ல." நாற்பது பேர் முன்னால். தவமணி பெரியாஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தார், இவர் போகவில்லை. அவள் சொன்னது அத்தனையும் உண்மை. உண்மை என்பதால்தான் அவளை என்னால் மன்னிக்க முடியவில்லை. பொய் சொல்லியிருந்தால் மறந்திருப்பேன்.

கீழத்தெரு கடைசி வீட்டைப் பட்டியலில் காணவில்லை என்றதும் எனக்குள் ஒரு சின்ன சந்தோஷம் வந்தது. 'கிடக்கட்டும்' என்று நினைத்தேன். எழுதவே கை கூசுகிறது. ஆனால் அப்படித்தான் நினைத்தேன். அவளுக்கு என்று நினைத்தது அவர் தலையில் போய் விழுந்துவிட்டது.

டிசம்பர் 22, திங்கள்

இவரிடம் சொல்லிவிட்டேன். மாத்திரை போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன், சந்தோஷப்பட்டதையும் சேர்த்து.

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"பதினோரு நாள்" என்றார். "ஒவ்வொரு நாளும் போகணும்னுதான் கெளம்புவேன். யாராவது ஒருத்தன் வந்துருவான், கமிட்டி, கையெழுத்துன்னு. ஒன்ன என்னத்தச் சொல்ல? என்னால வந்த கோவத்தத்தான் நீ சொமந்துக்கிட்டு இருந்திருக்க."

"ஒங்கள நான் சொல்லல."

"நீ சொல்லல. அவ சொன்னாள்லா."

அழுதேன். முப்பத்தோரு வருஷத்தில் இவர் முன்னால் இப்படி அழுததில்லை.

டிசம்பர் 23, செவ்வாய்

அண்ணாச்சிக்கும் சாருக்கும் அசன விருந்துக்கு ஆடா கோழியா என்று தகராறு. நாள் முழுவதும் அதிலேயே போய்விட்டது. நாங்கள் போகவில்லை. நாளைக்கு ஆகாயமே இடிந்து விழுந்தாலும் போக வேண்டும்.

டிசம்பர் 24, புதன்

மூன்று மணி வெயிலில் இரண்டு பேரும் நடந்தே போனோம். கீழத்தெருவில் எல்லா வீட்டு ஜன்னலிலும் தலை.

தவமணி கட்டில் வாசலைப் பார்த்தபடி கிடந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். இரண்டு கையையும் ஊன்றிப் பாதி எழுந்து, முடியாமல் சாய்ந்தார். ஜெபக்கனி அடுப்படிக்குள் போய்விட்டாள். பாத்திரத்தை வைத்த சத்தத்திலேயே அவள் கோபம் தெரிந்தது.

இவர் முதலில் பேசினார். ஆஸ்பத்திரிக்கு வராததைச் சொல்லி, கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். "அத விடுங்கய்யா, நீங்க எத்தனையத்தான் பாப்பீங்க" என்றார் தவமணி.

பிறகு நான் சொன்னேன். பட்டியலைச் சொன்னேன். சனிக்கிழமை சொன்ன பொய்யைச் சொன்னேன். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை, கட்டில் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"ரெண்டு நாளு பக்கத்து வீடு வரைக்கும் வந்தாங்க ஐயரம்மா" என்றார் தவமணி. "ஒரு நாளு அவங்க, ஒரு நாளு இவங்க. ட்ரம் அடிக்கதுல எங்க செவுரு அதிருது. அடுத்தது நம்ம வீடுதான்னு சொல்லி இவ ஓடிப்போயி சேலைய மாத்திட்டு வந்தா. பொறவு சத்தம் அப்படியே கொறஞ்சு கொறஞ்சு போயிட்டு. ரெண்டு நாளும் சேலைய மாத்தினா. எனக்குக்கூட அது பெருசில்ல. கால் போனவன் எதையும் தாங்குவான். அவ ரெண்டு தடவ சேலைய மாத்தினால்லா, அதான்."

இவர் எழுந்து நின்று, "தவமணி, நாங்க ரெண்டு பேரும் இப்ப பாடுதோம்" என்று தொண்டையைச் செருமினார்.

"வேண்டாம்யா." அமைதியாகத்தான் சொன்னார். "நீங்க பாடினா அது வீட்டு ஜெபம். நல்லதுதான், பொறவு பண்ணலாம். கேரல்னா சபைல்லா வரணும்."

அடுப்படி வாசலிலிருந்து ஜெபக்கனி பேசினாள். "சபைக்கு எங்க ஞாபகம் எங்க இருக்கப் போவுது? ஞாபகம் இருந்த ஒருத்தருக்கும் வாய் வரல."

"ஏட்டி, சும்மா இரி" என்றார் தவமணி. அவள் சும்மா இருக்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் பார்க்கட்டும் என்று நானும் நின்றேன்.

வரும் வழியில் இவர் சொன்னார், "காலையில ஆராதனை முடிஞ்சதும் நான் சொல்லிடுதேன். லிஸ்ட்ல ஒரு வீடு விட்டுப்போச்சு, எல்லாரும் போவோம்னு."

"விட்டுப்போகல. நான் விட்டேன். நான்தான் சொல்லணும்."

"மனு போடுவாங்க."

"போடட்டும்."

"ரெண்டு பேரும் போடுவாங்க."

"ஒண்ணாவது சேந்து செய்யட்டும்."

இவர் சிரித்தார். எத்தனை நாளாயிற்று இவர் மனம்விட்டுச் சிரித்து.

கறிக்கு மசாலா அரைக்கும்போது யோசித்துக்கொண்டிருந்தேன். ஞாயிறு பள்ளி நாடகத்தில் நிறைமாதமாக வந்த மரியாளுக்கு இடமில்லை என்று சொல்லும் சத்திரக்காரனுக்கு முப்பது வருஷமாக நான்தான் வசனம் சொல்லிக் கொடுக்கிறேன். "கோபமாச் சொல்லுல, கண்ண உருட்டு" என்று சொல்லிக் கொடுப்பேன். அவன் கோபமாகச் சொல்லியிருக்க மாட்டான். வேலை மும்முரத்தில், வேறு யாராவது இடம் கொடுப்பார்கள் என்று நினைத்து, தன்மையாகத்தான் சொல்லியிருப்பான். என்னைப்போல. இத்தனை வருஷம் பண்டிகைக்கு வீட்டைக் கழுவி, ஸ்டார் கட்டி, பலகாரம் சுட்டு வந்திருக்கிறேன். பிறக்க இடம் தேடி அந்த மரியாளின் பிள்ளை வந்து நின்ற வாசல் எது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. இப்போது பயமாக இருக்கிறது.

டிசம்பர் 25, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

விடியற்காலை நாலு மணி ஆராதனை. கோயில் கொள்ளாத கூட்டம். போன வருஷச் சேலையைக் கட்டியிருந்தேன், இரண்டு கட்சிப் பெண்களும் முகத்தைத் தூக்கிக்கொண்டார்கள். ஆராதனையை முடிக்கும் ஆசி கூறுவதற்கு முன்னால் இவர் என்னைப் பார்த்தார். எழுந்து முன்னால் போனேன்.

"கேரல் லிஸ்ட் ரெண்டையும் எழுதினது நான்" என்று தொடங்கினேன். "தவமணி வீடு ரெண்டுலயும் இல்ல. எழுதும்போதே எனக்குத் தெரியும். யார்ட்டயும் சொல்லல. அவங்க வீட்டுக்காரி என்னப் பத்தியும் ஐயரப் பத்தியும் பேசினதுக்கு மனசுல கோவம் வச்சிருந்தேன். கேரல் வரும்னு பொய்யும் சொன்னேன். அவரு பத்து நாளா வாசலப் பாத்துக் கெடந்தாரு. தப்பு என்னோடது. மன்னிச்சுக்கிடுங்க."

மைக் இல்லாமலே கடைசி வரிசை வரை கேட்டிருக்கும். ஒரு குழந்தை அழுதது, அதன் வாயைப் பொத்தினார்கள்.

ஆசீர்வாதம் அண்ணாச்சி எழுந்தார். "ஐயரம்மா, தெரிஞ்சா எங்கள்ட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? நாங்க என்ன மனுசங்க இல்லயா? தவமணி எங்க கேரல்ல இருவத்திரண்டு வருசம் அடிச்சவன்!"

"அதானே!" என்றார் அந்தப் பக்கத்திலிருந்து தர்மராஜ் சார்.

ஒரு வருஷத்தில் முதல் தடவையாக அண்ணாச்சி சொன்னதற்கு சார் 'அதானே' என்றார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள்.

கோயில் முற்றத்தில் எனக்கு நடந்தது பண்டிகை இல்லை. ஐயரம்மாவுக்குத் திமிர், படித்த திமிர், ஐயரைத் தலையாட்டி பொம்மையாக வைத்திருக்கிறாள், இப்படிப்பட்டவள் ஊழியக்காரன் பெண்டாட்டியா என்று இரண்டு கட்சிப் பெண்களும் தோளோடு தோள் நின்று பேசினார்கள். எனக்குக் கேட்கும்படியாகத்தான். "எழுதிப் போட வேண்டியதுதான் சார்" என்று அண்ணாச்சி சொன்னதும், "கண்டிப்பா அண்ணாச்சி" என்று சார் சொன்னதும் கேட்டது. வலித்தது. வலிக்கவில்லை என்று எழுதினால் பொய். ஆனால் எட்டாம் தேதியிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போய்விட்டது.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. தவமணி வீட்டுக்கு யார் போவது? தனியாக சாரை விட அண்ணாச்சிக்கு மனம் இல்லை, அண்ணாச்சியை விட சாருக்கு மனம் இல்லை. ஒரே கூட்டமாகக் கிளம்பிவிட்டார்கள். கோயிலில் இருந்த அத்தனை பேரும், புதுத்துணி கசங்க, விடிந்தும் விடியாத வெளிச்சத்தில். தாத்தா வேஷம் போட நேரமில்லை. ட்ரம் ஒன்றுதான் கையில் கிடைத்தது. வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே போனார்கள். நான் கடைசியில் போனேன். மாசிலாமணி மட்டும் என் பக்கத்தில் நடந்தார்.

கீழத்தெரு முழுக்க ஆள். பாதிப் பேர் வீட்டுக்குள், பாதிப் பேர் முற்றத்தில், மீதிப் பேர் தெருவில். பாட்டு ஆரம்பித்து நாலு வரி போகவில்லை, உள்ளேயிருந்து தவமணி சத்தம்: "ஏல நிறுத்து! எவம்ல அது, மாட்ட வெரட்டுத மாதிரி அடிக்கது? இங்கன கொண்டா!" ட்ரம்மை அவர் நெஞ்சோடு சாய்த்து வைத்தார்களாம். நான் பார்க்கவில்லை, சத்தத்தில் தெரிந்தது. அது அவர் அடி. இருபத்திரண்டு வருஷம் கேட்ட அடி. பாட்டு அப்படியே நிமிர்ந்துகொண்டது. எனக்கு முன்னால் நின்றவர்களெல்லாம் கண்ணைத் துடைத்தார்கள். யார் எந்தக் கட்சி என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

ஜெபம் யார் பண்ணுவது என்று உள்ளே ஒரு தடுமாற்றம். அண்ணாச்சியும் சாரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்து ஒரே நேரத்தில் ஆமென் சொன்னார்கள்.

நான் முற்றத்து முருங்கை மரத்தடியில் தனியாக நின்றேன். என் பக்கத்தில் யாரும் வந்து நிற்கவில்லை. அடுத்த பாட்டு ஆரம்பித்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஜெபக்கனி வெளியே வந்தாள். நேராக என்னிடம் வந்தாள்.

"ஐயரம்மா, எனக்கு ஒங்க மேல கோவம் இன்னும் போகல."

"தெரியும்மா."

"போறதுக்கு நாளாவும். போகுமான்னும் தெரியல."

"சரி."

முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். பிறகு என் கையைப் பிடித்தாள், மெதுவாக ஒன்றும் இல்லை, வெடுக்கென்று.

"அதுக்காவ வெளிய நிப்பீங்களா? உள்ள வாங்க."

உள்ளே போனேன்.